பவளாயி திருப்பி வளைச்ச வில்லு

போர்வையை இழுத்துக்கோ. காலையும் உள்ள வெச்சுக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும், சரியா? ம் கொட்டினாத்தான் கதை நடக்கும். இல்லேன்னா அப்படியே நின்னுடும்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு உதவாக்கரை வில்லு இருந்துச்சு. ராசா இல்ல, ராணி இல்ல, வில்லுதான். ஒரு கூரை வீட்டுச் சுவத்துல, ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. பச்சையும் செவப்புமா பெயிண்டு, ரெண்டு முனையிலயும் சரிகைத் தாளு, பாக்குறதுக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனா அம்பு வெச்சு இழுத்து விட்டா... தொப்! பத்தடி தாண்டாது. கோழி கூடப் பயப்படாது. திரும்பிப் பாத்துட்டு மறுபடி கொத்தும்.

அதைத் தேர்த் திருவிழாவுல வாங்கிட்டு வந்தது வெள்ளையன். வந்த அன்னைக்கே நாணைக் கட்டி ஆணியில மாட்டினான். அப்புறம் கழட்டவே இல்ல. மழைக்கும் வெயிலுக்கும் நாணோடயே தொங்கித் தொங்கி அந்த வில்லுக்குக் கூன் விழுந்துடுச்சு. நாணை அவுத்தாலும் நிமிராது. அப்படியே வளைஞ்சு கெடக்கும், சொன்னதைக் கேக்காத கெழட்டு மாடு மாதிரி.

வெள்ளையன் பொண்டாட்டி பேரு பவளாயி. அவ கூடை முடையிறவ. அந்த மலையடிவாரத்துல மொத்தமே ஏழு வீடு, ஏழு வீட்டுலயும் மூங்கில் வேலைதான். செவ்வாய்க்கெழமை சந்தை. அன்னைக்கு விடியறதுக்குள்ள கூடையும் முறமும் தலையில ஏத்திக்கிட்டு எல்லாரும் போயிடுவாங்க. நாய் கூட பின்னாலயே போயிடும். பவளாயி மட்டும் போக மாட்டா. அவளுக்கு நாலு மாசத்துல ஒரு பொண்ணு, சிட்டுன்னு பேரு. வெள்ளையனும் ஊர்ல இல்ல. தேன் எடுக்க மலைக்கு மேல போயி ஒரு மாசம் ஆச்சு.

அந்த ஊர்ல ஒரு பழக்கம் உண்டு, நல்லாக் கேட்டுக்கோ. உச்சிவேளைல, நம்ம நிழல் நம்ம காலுக்கடியிலயே சுருண்டுக்குமே, அந்த நேரத்துல, வெளிய இருந்து யார் கூப்பிட்டாலும் உடனே "ஏன்"னு கேக்கக் கூடாது. ரெண்டு தரம் கூப்பிட்டா வாயே திறக்கக் கூடாது. மூணாவது தரமும் கூப்பிட்டா, அது மனுஷன். உச்சியானுக்கு மூணாவது தரம் கூப்பிட வராது.

உச்சியான்னா யாருன்னு அந்த நேரத்துல கேக்காதே. இப்பவும் கேக்காதே. ம் கொட்டு.

ம்.

அப்போ, ஒரு சித்திரை மாசத்துச் செவ்வாய்க்கெழமை. ஊரு காலி. காத்தே இல்ல. இலை அசையல. பவளாயி வாசல்ல உக்காந்து மூங்கில் சீவிட்டு இருந்தா. சரக், சரக். உள்ள தொட்டில்ல சிட்டு தூங்குது. அப்போ தெருக்கோடியில இருந்து ஒரு குரல்.

"பவளா..."

அவ புருஷன் குரல்! ஒரு மாசமா காதுக்குக் கிடைக்காத குரல்! கத்தியைப் போட்டுட்டு எழுந்து, "ஏன், வந்துட்டியா?"ன்னு கேட்டுட்டா.

ஒரே தரம் கூப்பிட்டதுக்கு. ஒரே தரம்!

சர்ர்ர்... சர்ர்ர்... சருகை மிதிச்சு வர்ற சத்தம். ஆனா தெருவுல ஒரு சருகு கெடையாது, காலையிலதான் அவளே கூட்டியிருந்தா. புளியமரத்துக்கு அடியில ஒருத்தன் நிக்கிறான். நெட்டையா, வெள்ளை வேட்டி கட்டி, தலை மரத்துக் கெளையைத் தொடுற மாதிரி. மரத்துக்கு நிழல் இருக்கு. அவனுக்கு நிழல் இல்ல.

"தாயி," அவன் ரொம்ப மரியாதையா பேசினான். "ஏன்னு கேட்டியே, நல்ல மனசு உனக்கு. கேட்டதால இன்னும் ரெண்டு சந்தை நாளு நான் இங்க வரலாம். அடுத்த சந்தைக்கு வாசலுக்கு வருவேன். அதுக்கடுத்த சந்தைக்கு உள்ள வந்து, அந்தத் தொட்டில்ல என்ன ஆடுதோ அதை வாங்கிட்டுப் போவேன்."

பவளாயி வாசலை மறிச்சுக்கிட்டு நின்னா.

"யாருகிட்டயாவது சொன்னேன்னா இன்னைக்கே உள்ள வந்துடுவேன். ஊரை விட்டுப் போனேன்னா பாதையில வந்து நிப்பேன். வரட்டுமா தாயி?"

அப்புறம் மரத்தோட நிழல் ஒரு விரக்கடை சாஞ்சுது. அவ கண்ணைச் சிமிட்டிப் பாத்தா, ஆளு இல்ல. நிழல் சாய ஆரம்பிச்சா அவனால நிக்க முடியாது, அதுதான் அவனுக்கு இருக்கிற பெரிய பயம்.

பவளாயி ஓடிப் போயி சிட்டுவைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. புள்ளை சிரிச்சுது. அதுக்கென்ன தெரியும்?

சாயங்காலம் சந்தையில இருந்து நாத்தனா கூத்தாயி வந்தா. புருஷனோட அக்கா, பக்கத்து வீடு. வாய் கொஞ்சம் நீளம். "ஏண்டி, மூஞ்சி ஏன் வெளிறிப் போயிருக்கு? பேய் அறைஞ்ச மாதிரி?"ன்னு கேட்டா.

"ஒண்ணுமில்ல அண்ணி. வெயிலு."

எப்படிச் சொல்லுவா? சொன்னா இன்னைக்கே வருவான்.

எட்டு நாளும் அவ தூங்கல. ஆணியில தொங்குற வில்லையே பாத்துட்டு இருந்தா. வீட்டுல ஆயுதம்னு இருந்தது அது ஒண்ணுதான். வேப்பெண்ணெய் போட்டுத் துடைச்சா. நாணை இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்கினா. மூங்கில் முனையைத் தணல்ல சுட்டு மூணு அம்பு செஞ்சா.

அடுத்த செவ்வாய். நிழல் சுருங்குச்சு. சர்ர்ர்... சர்ர்ர்...

வாசல்ல வந்து நின்னுட்டான். இப்போ மூஞ்சி தெரியுது. மூஞ்சியில ஒரு வேர்வைத் துளி இல்ல. பவளாயி வில்லை எடுத்தா, இழுத்தா, விட்டா.

தொப்.

அவன் காலுக்கு மூணடி முன்னாலயே விழுந்துடுச்சு. ரெண்டாவது அம்பு. தொப். மூணாவது அம்பு... அது முன்னால கூட போகல கண்ணு, பக்கத்துல இருந்த தண்ணிக் குடத்துல போயி டிங்குன்னு பட்டுது.

அவன் குனிஞ்சு ஒரு அம்பை எடுத்தான். அதை வெச்சு முதுகைச் சொறிஞ்சுக்கிட்டான்.

"நல்லா இருக்கு தாயி. அரிப்புக்கு ஆச்சு. வில்லு புடிக்கிறதுல என்னை மிஞ்ச இந்த மலையில ஆளே கெடையாது, என்கிட்டயா பொம்மை வில்லைக் காட்டுற? அடுத்த சந்தைக்குப் புள்ளையைக் குளிப்பாட்டி, பொட்டு வெச்சு ரெடியா வை."

போயிட்டான். அம்பை மட்டும் ரெண்டா ஒடிச்சுப் போட்டுட்டுப் போனான். சடக்.

பயமா இருக்கா? கையைக் குடு. இங்கதான் இருக்கேன்.

ம்.

பவளாயி அழுதா. எவ்வளவு நேரம் அழுதாளோ. அப்புறம் அழுதுகிட்டே வில்லை எடுத்து முழங்கால்ல போட்டுப் பாத்தா. வில்லைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா வளையிறது, நிமிர்றது, அதெல்லாம் அவளுக்குத் தெரியும். கூடைக்கு விளிம்பு கட்டுறப்போ ஒரு மூங்கில் பத்தை தொய்ஞ்சு போச்சுன்னா என்ன செய்வா? அதைச் சூடு காட்டி, எதிர்ப்பக்கமா வளைச்சு வெச்சுடுவா. அப்புறம் அதை இழுத்துத் திருப்பிக் கட்டினா, அந்தப் பத்தை கோவத்தோட வெறைப்பா நிக்கும். "உனக்கும் கோவம் இல்ல, அதான் உன் நோவு"ன்னு வில்லுகிட்ட சொன்னா.

நாணை அறுத்தா. சரிகைத் தாளைக் கிழிச்சா. கண்ணாடிச் சில்லை எடுத்து பெயிண்டைச் சுரண்டினா, கிர்ர், கிர்ர்னு. பச்சை போச்சு, செவப்பு போச்சு, உள்ள நல்ல மரம்தான் இருந்துச்சு. தடியா இருந்த எடத்துல எல்லாம் சுரண்டிச் சுரண்டி வில்லோட ரெண்டு பக்கத்துக் கையையும் ஒரே கனமாக்கினா.

அப்புறம் முனையை எதிர்ப்பக்கமா வளைக்கணும். மொத தரம், மூங்கிலை வாட்டுற மாதிரியே நேரா நெருப்புல காட்டினா. மரம் மூங்கில் இல்லையே! கருகிப் போயி சட்டுனு வெடிச்சுடுச்சு. அந்த முனையைச் சாண் அளவு வெட்டிப் போட்டுட்டு, இந்த முனையையும் அதே அளவு வெட்டினா. வில்லு குட்டையாயிடுச்சு. ரெண்டாவது தரம், நெல் அவிக்கிற பானையில தண்ணி கொதிக்க வெச்சு, ஆவியில வேக வெச்சா. புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி. நல்லா வளைஞ்சுது. ஆனா கையை எடுத்ததும் மெதுவா, மெதுவா, பழையபடி போயிடுச்சு.

மூணாவது தரம், வேக வெச்சதைச் சூடு ஆறுறதுக்குள்ள தூக்கிட்டு ஓடி, உரலோட வயித்துல எதிர்ப்பக்கமா வெச்சு அழுத்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டா. அப்படியே ரெண்டு நாள் விட்டுட்டா.

கூத்தாயி மாவாட்ட வந்தா. "இது என்னடி கூத்து? வில்லை உரல்ல கட்டிப் போட்டிருக்க? அது என்ன திருட்டு மாடா, அவுத்துக்கிட்டு ஓடுறதுக்கு?"

"ரெண்டு நாளைக்கு வேற உரல்ல ஆட்டிக்குங்க அண்ணி."

"எந்தம்பி வாங்கிட்டு வந்த பெயிண்டெல்லாம் எங்கடி? ஐயய்யோ, வந்து கேட்டான்னா நான் பொறுப்பில்ல!"

பவளாயி கயித்தை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கினா. மூணாம் நாளு ஒரு முத்தின மூங்கில்ல இருந்து பத்தை ஒண்ணு பொளந்தா. மேல்தோல் சிதையாம, ஓலை மாதிரி மெல்லிசா சீவினா. சந்தையில தச்சர்கிட்ட வாங்கி வெச்சிருந்த, மரம் ஒட்டுற வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி, வில்லோட முதுகுல அந்தப் பத்தையை ஒட்டி, நூல் சுத்தி, திரும்ப உரல்லயே கட்டினா. மூங்கில் தோலு எவ்வளவு இழுத்தாலும் அறாது, அது அவ கையே அறிஞ்ச விஷயம். நாணுக்குக் கத்தாழை நாரைத் திரிச்சா. திரிக்கும்போது தொட்டிலைக் காலாலயே ஆட்டிக்கிட்டா. தொட்டில் கயிறு கிறீச், கிறீச். நாரு சர்ரு, சர்ரு. அந்தச் சத்தத்துக்கே அவளுக்கு உடம்பு தூக்கிப் போடும்.

திங்கக்கெழமை கயித்தை அவுத்தா. வில்லு எப்படி இருந்துச்சு தெரியுமா? முன்ன கூன் விழுந்து உள்பக்கமா கெடந்துச்சுல்ல? இப்போ முழுசா வெளிப்பக்கமா திரும்பிக்கிச்சு. கோவிச்சுக்கிட்டு முதுகைக் காட்டித் தூங்குற புள்ளை மாதிரி. நாண் ஏத்தணும்னா அதை அதோட வளைவுக்கு எதிரா மடக்கணும். கைப்பலத்துல நடக்காது. கால்களுக்கு நடுவுல விட்டு, தொடையில குடுத்து, உடம்பு மொத்தத்தையும் சாச்சு மடக்கினா. நாண் ஏறிச்சு. ஒரு அம்பு வெச்சு விட்டா.

விர்ர்ர்ர்... தக்!

தெருக்கோடிப் புளியமரத்துல நாலு விரக்கடை உள்ள போயிடுச்சு. கோழியெல்லாம் கூரை மேல ஏறிடுச்சு.

அப்புறம் அவ என்ன செஞ்சா? மொத வேலையா நாணைக் கழட்டினா. நாணோட தொங்கினதாலதான் பழைய வில்லு வீணாப் போச்சு, பசை வேற புதுசு. நாளைக்கு நிழல் ஒரு சாண் ஆகும்போது ஏத்திக்கலாம்னு நினைச்சா.

ம் கொட்டு கண்ணு. இனிமேதான்.

ம்.

செவ்வாய். எல்லாரும் போயிட்டாங்க. பவளாயி வாசல்ல ஒரு குச்சியை நட்டு வெச்சு நிழலையே பாத்தா. மூணு சாண். ரெண்டு சாண். ஒரு சாண் ஆச்சு. வில்லை எடுக்கத் திரும்பினா. அப்போ பாத்து சிட்டு வீல்னு கத்திச்சு. பசி. எடுத்துப் பால் குடுத்தா. புள்ளை விட மாட்டேங்குது. விரலைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, குடிக்குது குடிக்குது. மெதுவாப் பிரிச்சுத் தொட்டில்ல போட்டுட்டு வெளிய பாத்தா...

குச்சிக்கு நிழலே இல்ல.

சர்ர்ர்.

வெளிய இல்ல. வீட்டுக்குள்ள.

நிலைப்படிக்கு இந்தப் பக்கம், கூரைக்கு முதுகை வளைச்சுக்கிட்டு நிக்கிறான்.

"பொட்டு வெச்சிருக்கியா தாயி?"

பவளாயி வில்லைப் பாய்ஞ்சு எடுத்தா. தொடையில குடுத்து மடக்கினா. அவசரத்துல நாண் வழுக்கிடுச்சு. மறுபடி. வழுக்கிடுச்சு. மூணாவது தரம் வில்லே கையை விட்டுத் தெறிச்சு, உருண்டு அவன் காலடியில போயி நின்னுச்சு.

அவன் அதைப் பாக்கல. தொட்டிலைப் பாத்தான். "கொக்கி இரும்பு. இரும்புல தொங்குறதை நான் தொட மாட்டேன். நீயே எடுத்துக் குடுத்துடு."

"குடுக்க மாட்டேன்."

"மாட்டியா?" வாசலை எட்டிப் பாத்தான். நேரம் கம்மி. குனிஞ்சு வில்லை எடுத்தான். "ஓ, இது வேற வில்லு போல. சரி, கயித்தை அறுத்துட்டா புள்ளை கீழ விழும். கீழ விழுந்தது எனக்கு. உன் அம்பாலயே அறுக்கிறேன்."

நாணை எடுத்தான். வில்லை மேலயும் கீழயும் பாத்தான். எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கோ அந்தப் பக்கமாவே இன்னும் வளைச்சான்.

கண்ணு, அவன் தப்பா வளைக்கிறான்!

பவளாயிக்குத் தெரிஞ்சு போச்சு. அவன் பாத்த வில்லெல்லாம் பழைய மாதிரி வில்லு. இது எதிர்ப்பக்கம் திரும்பினது. நாணை ஏத்திட்டான், சுளுவா ஏறிடுச்சு. ஆனா ஏறின விதத்துல அவனுக்கே ஏதோ சந்தேகம்.

"ஏன் தாயி, இப்படித்தானே?"

பவளாயி வாயைத் திறக்கல.

அப்புறம் அவன் வெள்ளையன் குரல்ல கேட்டான். "பவளா, நான்தான். இப்படித்தானே?"

அவ கண்ணைத் தொட்டில் மேலயே வெச்சுக்கிட்டா. வாயைத் திறக்கல.

அப்புறம், அவ கல்யாணத்துக்கு முன்னாலயே செத்துப்போன அவ அம்மா குரல்ல, ரொம்ப மெதுவா கேட்டான். "சாமி, பவளு, அம்மாடா. ஒரு வார்த்தை சொல்லும்மா. இப்படித்தானே?"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! ஏம்மான்னு ஒரு சொல்லு நுனி நாக்குக்கு வந்துடுச்சு. பவளாயி நாக்கையே கடிச்சுக்கிட்டா. வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரிச்சுது. கண்ணுல தண்ணி கொட்டுது. ஆனா வாயைத் திறக்கல. ஒரே ஒரு தரம் திறந்துதானே இவ்வளவும் வந்துச்சு.

அவன் சிரிச்சுட்டு, சுவத்தோரம் கெடந்த அம்புல ஒண்ணை எடுத்து வெச்சான். தொட்டில் கயித்தைக் குறி பாத்தான். இழுத்தான். பாதி கூட இழுக்கல...

படார்!

வில்லு தன்னோட குணத்துக்குத் திரும்புச்சு. சும்மா திரும்பல, எட்டு நாள் கோவத்தோட திரும்புச்சு. ஒரு கை அவன் ரெண்டு கண்ணுக்கும் நடுவுல விளாசுச்சு. இன்னொரு கை தாடையில. நாண் அவுந்து, அம்பு கூரையில சொருகி, வில்லு சுழண்டு சுழண்டு பவளாயி காலடியில வந்து விழுந்துச்சு. ஒரு கீறல் இல்ல.

"கண்ணு! என் கண்ணு! வாசப்படி எங்க இருக்கு? தாயி, வாசப்படி எந்தப் பக்கம்?"

அதுக்கும் அவ பதில் சொல்லல.

அவன் சுவத்துல முட்டினான். பானையில முட்டினான். டமார். தொட்டில்கிட்ட வந்தான், இரும்பு வாசனை பட்டு அலறிக்கிட்டுத் திரும்பினான். பவளாயி வில்லை எடுத்தா. இப்போ அவசரப்படல. காலுக்கு நடுவுல விட்டா, தொடையில குடுத்தா, வளைவுக்கு எதிரா மடக்கினா. நாண் ஏறிச்சு. அவன் தட்டித் தடவி நிலைப்படியைக் கண்டுபிடிச்சு வாசல்ல இறங்கினான். அப்போ வாசல் குச்சிக்குப் பக்கத்துல, நூல் மாதிரி, ஒரு நிழல் சாஞ்சுது. அவன் காலுக்கடியிலயும் ஒண்ணு. அவனுக்கு நிழல் வந்துடுச்சு. மனுஷனுக்கு வர்ற மாதிரி.

விர்ர்ர்ர்...

அவ முதுகுக்கு நடுவுல விட்டா.

தக்னு சத்தம் வரல. சரசரசரன்னு வந்துச்சு. அம்பு அந்தப் பக்கம் போயி மண்ணுல நிக்குது. அவன் நின்ன எடத்துல இடுப்பளவுக்குச் சருகு. வேட்டி இல்ல, எலும்பு இல்ல. காஞ்ச சருகு மட்டும்.

பவளாயி உள்ள போனா. சிட்டு தூங்கிட்டு இருந்துச்சு. இவ்வளவு கலாட்டாவுக்கும் எந்திரிக்கல. கட்டை விரல் வாயில.

சாயங்காலம் கூத்தாயி வந்து வாசல்ல நின்னு கத்தினா. "ஏண்டி, நாள் பூரா வீட்டுலதானே இருக்க? இவ்வளவு சருகைக் கூட்டிப் பெருக்க நோவா உனக்கு?"

பவளாயிக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு. "கூட்ட வேணாம் அண்ணி. கொளுத்திடலாம்"னா. ரெண்டு பேரும் சேர்ந்து கொளுத்தினாங்க. பச்சைப் பொகையா வந்துச்சு. எல்லாத்தையும் அப்போ சொன்னா. கூத்தாயி ஒண்ணும் பேசல. வாழ்க்கையிலயே அன்னைக்குத்தான் அவ ஒண்ணும் பேசல. அவ வீட்டு அருவாளைக் கொண்டு வந்து தொட்டிலுக்கு அடியில வெச்சுட்டு, அங்கேயே பாய் விரிச்சுப் படுத்துட்டா.

நாலு நாள் கழிச்சு, நல்ல உச்சி வெயில். தெருக்கோடியில இருந்து ஒரு குரல்.

"பவளா!"

பவளாயி அம்பைப் பூட்டிக்கிட்டு நிலைப்படிக்குள்ள நின்னா. மூச்சு விடல.

"பவளா! அடியே, காது கேக்கல?"

பேசல. அம்பு நுனி கூட ஆடல. தெரு அமைதியா இருந்துச்சு. ரொம்ப நேரம் அமைதியா இருந்துச்சு. அவ கன்னத்துல தண்ணி தாரை தாரையா வழியுது. கூப்பிடு, இன்னும் ஒரு தரம் கூப்பிடு, சாமி, கூப்பிடுன்னு மனசுக்குள்ள கெஞ்சுறா.

"பவளாயீ! தேன் சட்டி கனக்குதுடி, வந்து எறக்கு!"

"ஏன்?"னு கேட்டா பவளாயி. வில்லைத் தாழ்த்தினா. வெள்ளையன் வாசல்ல நிக்கிறான், தாடியும் மீசையுமா, அவன் காலுக்கடியில குட்டியா ஒரு நிழல்.

அவன் வில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். "இது நான் வாங்கின வில்லா? பெயிண்டு எங்க?"ன்னான். அப்புறம் பழைய ஆணியில மாட்டப் போனான்.

"நாணைக் கழட்டிட்டு மாட்டு"ன்னா பவளாயி.

அந்த ஊர்ல இன்னைக்கும் ஏழு வீட்டுலயும் ஏழு வில்லு தொங்குதாம். எல்லாம் வெளிப்பக்கமா திரும்பினது. எந்தப் பக்கம் நாண் ஏத்தணும்னு வெளியாள் யார் கேட்டாலும் சொல்ல மாட்டாங்களாம்.

கேட்டியா?

அம்மு...

அம்மு...

மூணாவது தரம் நான் கூப்பிடல. நீ அப்படியே இரு. கதைக்கு நாண் கழட்டியாச்சு, ஆணியில மாட்டியாச்சு, கண்ணும் மூடியாச்சு.